களிமண் தொட்டியில் மீன்

மூடியைத் திறந்ததும் தொட்டிக்குள் இருந்து ஒரு மீன் எமிலியாவைப் பார்த்தது.

அவள் டக்கென்று மூடியைப் போட்டாள். கண்களைக் கசக்கினாள். மறுபடி மெல்லத் திறந்தாள்.

மீன்தான். ஒன்றல்ல, தொட்டி நிறைய மீன். பக்கத்தில் அயல்வீட்டுப் பூனை, சாப்பாட்டுக்கு அழைத்த விருந்தாளிபோல அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

"களிமண் எங்கை?" என்று எமிலியா பூனையிடமே கேட்டுவிட்டாள். கேட்பதற்கு வேறு யாரும் அங்கே இல்லை.

அந்தத் தொட்டியில் இருக்க வேண்டியது நான்கு பெரிய பை களிமண். அது கீழ்வீட்டு இங்கருடைய களிமண். இங்கர் நாளை மத்தியானம் திரும்பி வருகிறார். இப்போது களிமண்ணைக் காணவில்லை, மீன் இருக்கிறது!

எமிலியா மாடிப்படியை நோக்கி ஓடினாள். முற்றமெல்லாம் வெள்ளையாய் உறைபனி. இரண்டு இடத்தில் வழுக்கியது.

அவள் மேலே போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடலாம்.

ஹோர்சன்ஸ் நகரத்தில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இங்கர் இருந்தார். மேல்மாடியில் எமிலியாவும், அம்மா மாக்கிரட்டும், அப்பா அல்பேட்டும், அம்மாவின் தம்பி குருசுமுத்து மாமாவும் வாடகைக்கு இருந்தார்கள். அது 1986ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மாமா அந்தக் கோடையில்தான் இலங்கையிலிருந்து டென்மார்க்குக்கு வந்து சேர்ந்திருந்தார்.

இங்கர் மண்ணில் கோப்பையும் கிண்ணமும் வனைபவர். அவருடைய வீட்டுக்குள் இடம் போதாது. அதனால் எல்லாவற்றையும் பின்முற்றத்தில், ஒரு தகரக் கூரையின் கீழ் வைத்திருந்தார். வனைகிற சக்கரம், அதை மூட ஒரு படங்கு, பூச்சு வாளிகள், ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பிளாஸ்டர் பலகை, களிமண் தொட்டி எல்லாமே வெளியேதான்.

இங்கரின் மகளுக்கு வைலே நகரத்தில் குழந்தை பிறந்தது. புறப்படும்போது இங்கர் எமிலியாவைக் கூப்பிட்டார். "சக்கரத்தை மூடிக் கட்டி வை. வாளி மூடிகள் திறந்து கிடக்கக் கூடாது. நான் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தால், இந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் நீ சக்கரத்தில் உட்காரலாம்" என்றார்.

இங்கர் இதை டேனிஷ் மொழியில்தான் சொன்னார். ஆனால் எமிலியாவுக்காக மெதுவாகச் சொன்னார். ஒரு சொல்கூடத் தவறாமல் விளங்கியது.

பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. எமிலியா மனதுக்குள் ஒரு பதிலைக் கட்டி முடிப்பதற்குள், மற்றப் பிள்ளைகளின் கதை வேறு எங்கோ போய்விடும். சக்கரத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மண் யாரையும் அவசரப்படுத்தாது. அந்தச் சனிக்கிழமைகளுக்காக அவள் எதையும் செய்யத் தயாராக இருந்தாள்.

ஆனால் வீட்டில் இருந்தவர்களோ!

முதலில் அம்மா. பள்ளிவிட்டு வந்த எமிலியா பார்த்தால், பிளாஸ்டர் பலகை முழுக்க ஊறவைத்த அரிசி பரவியிருந்தது.

"அம்மா! இது இங்கரின்ரை பலகை!"

"தெரியும். துணியிலை போட்டால் ரெண்டு நாளாகும். இதிலை போட்டது பின்னேரத்துக்கிடையிலை காய்ஞ்சிட்டுது. எவ்வளவு நல்ல பலகை! எங்கை வாங்கினவவாம்?"

"இது மண் காயவைக்கிறது!"

"பிட்டுக்கு இடிக்கிற அரிசியும் காயத்தானே வேணும்?"

எமிலியா ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கினாள்.

அடுத்தது அப்பா. அவருடைய சைக்கிள் டியூப்பில் ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்க டியூப்பைத் தண்ணீரில் அமுக்க வேண்டும் அல்லவா? அப்பா கைக்கு எட்டிய ஒரு வாளியைத் திறந்து அதற்குள் அமுக்கிவிட்டார். அது கோப்பைகளுக்குப் பூசும் பூச்சு. கறுப்பு டியூப் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது.

"அப்பா, அது தண்ணி இல்லை!"

"அதுதானே பாத்தன். டென்மார்க்கிலை தண்ணியும் பால் மாதிரிக் கிடக்கெண்டு நினைச்சன்."

"பகிடி விடாதேங்கோ! ஓட்டையைக் கண்டுபிடிச்சிட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. பூச்சு ஓட்டையை அடைச்சுப்போட்டுது. நல்ல சாமான்."

இப்படிப்பட்ட வீட்டில், எதுவும் செய்யாமல் சும்மா இருந்தவர் குருசு மாமா ஒருவர்தான். நேற்று மாலைகூட அவர், "பிள்ளை, நாளைக்கு உனக்கொரு சந்தோசமான விசயம் இருக்கு" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். எமிலியா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எடுத்திருக்க வேண்டும்.

"மாமா!" எமிலியா மூச்சு வாங்க அடுப்படிக்குள் வந்தாள். "தொட்டிக்குள்ளை மீன் கிடக்கு!"

"ஓம்," என்றார் மாமா. தேநீரை ஆறுதலாக ஒரு மிடறு குடித்தார். "எஸ்பியர்க் துறைமுகத்திலை இருந்து வந்த மீன். நான்தான் வைச்சனான்."

"என்ன?" அம்மா கரண்டியோடு திரும்பினாள். "ஃப்ரூசருக்குள்ளை இருந்த என்ரை மீனையோ? ஏன்டா எடுத்தனீ?"

டேனிஷ் மொழியில் ஃப்ரூசர் என்றால், மீனையும் இறைச்சியையும் உறையவைக்கும் குளிர்ப்பெட்டி. அம்மாவுடைய பெட்டி நிலக்கீழ் அறையில் இருந்தது.

"இடம் வேணுமெல்லோ அக்கா. களிமண்ணை எங்கை வைக்கிறது?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா," எமிலியா மெல்லக் கேட்டாள். "களிமண்ணை எங்கை வைச்சனீங்கள்?"

"ஃப்ரூசருக்குள்ளை!" மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "நேற்று நீ பள்ளிக்கூடம் போனபிறகு இங்கர் போன் எடுத்தவ. நான்தான் கதைச்சனான். தனிய! டேனிஷிலை!"

அது பெரிய விஷயந்தான். டெலிபோன் மணி அடித்தாலே மாமா குளியலறைக்குள் போய்விடுவார். மணி நின்ற பிறகுதான் கதவு திறக்கும்.

"இங்கர் என்ன சொன்னவ?"

"வேகமாய்க் கதைச்சவ. ஆனால் முக்கியமான மூண்டு சொல்லையும் பிடிச்சிட்டன். ஃப்ரூசர். லியர். இன். லியர் எண்டால் களிமண். நீ நாள் முழுக்கச் சொல்லுறனியெல்லோ. இன் எண்டால் உள்ளுக்கு. களிமண் ஃப்ரூசருக்கு உள்ளுக்கு! சரிதானே?"

எமிலியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃப்ரூசர் என்பது பெட்டியின் பெயர் மட்டுமல்ல. குளிரில் ஒன்று உறைவதற்கும் டேனிஷில் அதே சொல்தான். 'உறைபனி வந்தால் களிமண்ணை உள்ளே எடுத்து வையுங்கள்' என்றுதான் இங்கர் சொல்லியிருக்கிறார்.

"மாமா! மண் உறையக் கூடாதெண்டு சொல்ல அவ போன் எடுத்தவ. நீங்கள் அதைக் கொண்டுபோய் உறையவைச்சிருக்கிறியள்!"

"இல்லைப் பிள்ளை, அவ சொன்னது..."

"வெளியிலை சரியான குளிர், மீன் பழுதாகாதெண்டுதானே மீனை வெளியிலை வைச்சனீங்கள்?"

"ஓம்."

"வெளியிலையே அவ்வளவு குளிரெண்டால், களிமண்ணை ஏன் ஃப்ரூசருக்குள்ளை கொண்டுபோய் வைக்கவேணும்? ஒருக்கால் யோசிச்சுப் பாத்தனீங்களோ?"

மாமா யோசித்தார். அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை மெல்லக் கீழே இறங்கியது.

"உங்களுக்கு விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்! இப்ப என்ரை சனிக்கிழமை எல்லாம் போச்சு!"

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது.

மாமா எழுந்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போனில் அப்பாவின் நண்பர் ஒருவர். அப்பா இரண்டு வார்த்தை பேசி வைத்தார். மணி நின்று கன நேரமாகியும் குளியலறைக் கதவு திறக்கவில்லை.

எமிலியாவுக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தச் சாத்திய கதவைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. அவள் நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் போனாள்.

ஃப்ரூசருக்குள் நான்கு பைகளும் வரிசையாக, மிக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் தட்டினாள். ணங் என்றது. பாறாங்கல்.

"சுத்தியல் கொண்டரட்டோ?" பின்னால் அப்பாவின் குரல்.

"வேண்டாம்! தயவுசெய்து நீங்கள் ஒண்டும் கொண்டராதேங்கோ!"

அவள் பையின்மேல் கையை வைத்தபடி யோசித்தாள். உறைந்தது உருகத்தானே வேண்டும்? அம்மா உறைந்த இறைச்சியை என்ன செய்வாள்? பையோடு தண்ணீரில் போடுவாள்.

அந்த அறையிலேயே துணி தோய்க்கிற பெரிய தொட்டிகள் இரண்டு இருந்தன. எமிலியா அவற்றில் இளஞ்சூட்டுத் தண்ணீரை நிரப்பினாள். அப்பா பைகளைத் தூக்கி ஒவ்வொன்றாக இறக்கினார். தண்ணீர் குளிரக் குளிர மாற்றினார்கள்.

பின்னேரம் ஒரு பையை அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே இருந்ததைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது. மண் ஏடு ஏடாகப் பிரிந்து, நடுவே தண்ணீர் கசிந்து, நனைந்த பழைய பேப்பர்க் கட்டுப்போலக் கிடந்தது.

"பழுதாப் போச்சு," என்றாள்.

மேலே, உருகத் தொடங்கிவிட்ட மீனோடு போராடிக்கொண்டிருந்த அம்மா, கை துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். விரலால் ஒரு துண்டை அழுத்தினாள்.

"பழுதாகேல்லை. தண்ணி ஒரு பக்கம், மா ஒரு பக்கமாய் நிக்குது. அவ்வளவுதான்."

"அம்மா, இது மா இல்லை."

"ரொட்டிக்குக் குழைக்கேக்கை தண்ணி கூடினால் நான் என்ன செய்யிறனான்?"

"இன்னும் மா போடுவீங்கள்."

"மா இல்லாட்டி?"

எமிலியா அம்மாவைப் பார்த்தாள். பிறகு திடீரென்று எழுந்து பின்முற்றத்துக்கு ஓடினாள்.

திரும்பி வரும்போது அவளும் அப்பாவும் பிளாஸ்டர் பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஈரமான மண்ணை அதன்மேல் பரப்பினாள். பலகை கூடின தண்ணீரை மெல்ல உறிஞ்சியது.

"பாத்தியோ?" என்றாள் அம்மா. "நல்ல பலகை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

இனிப் பிசைய வேண்டும். ஒரு பை பிசைவதற்குள்ளேயே எமிலியாவின் கை சோர்ந்துவிட்டது. இன்னும் மூன்று பை இருந்தது. அப்பாவுக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு மேலே ஒரு கடல் மீன் காத்திருந்தது.

எமிலியா படியேறிப் போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"மாமா, போன் நிண்டு எவ்வளவு நேரம். வெளியிலை வாங்கோ."

"நான் வந்தால் இன்னும் ஏதும் பழுதாகும்."

"எனக்குப் பிசையக் கை காணாது."

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

மாமா கால் கழுவி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கினார். எமிலியா கையால் பிசைந்தாள், மாமா காலால் மிதித்தார். நல்ல மிதி. ஆனால் வாயே திறக்கவில்லை.

"மாமா, காலமை கத்தினதுக்குக் கோவமோ?"

"எனக்கென்ன கோவம். எனக்கு உந்தப் பாஷை சரிவராது. இனிப் போனைத் தொடமாட்டன்."

எமிலியா மண்ணை ஒரு புரட்டுப் புரட்டினாள்.

"உங்கடை காதிலை பிழையில்லை மாமா. அவையின்ரை சொல்லிலைதான் கோளாறு. லியர் எண்டால் களிமண் மட்டுமே எண்டோ நினைச்சனீங்கள்? சிரிக்கிறதுக்கும் லியர்தான்."

மாமா மிதிப்பதை நிறுத்தினார். "சும்மா சொல்லாதை."

"மாதாவாணை! 'லியரெட் லியர்' எண்டால் களிமண் சிரிக்குது."

மாமா காலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"நான் ஏறி மிதிக்கிறன். இது சிரிக்குதாமோ?" என்றார். "விசர்ப் பாஷை!"

பிறகு அவரே சிரித்தார். சிரித்ததில் கால் வழுக்கி, தொப்பென்று மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்தார். மேலே இருந்து அம்மா, "இப்ப என்னத்தை உடைச்சனீங்கள்?" என்று கத்தினாள்.

இருட்டும் நேரத்தில் நான்கு பை மண்ணும் மழமழவென்று ஆகிவிட்டது. புதுப் பொலித்தீனில் இறுகச் சுற்றி, சூடான நிலக்கீழ் அறையிலேயே வைத்தார்கள். தொட்டியை வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். சக்கரத்தின் படங்கை எமிலியா மறுபடி இழுத்துக் கட்டினாள். அன்றிரவு தெருவில் அரைவாசி வீட்டுக்கு மீன்குழம்பு போனது. பூனைக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கர் பயணப்பையோடு நேரே பின்முற்றத்துக்கு வந்தார். களிமண் தொட்டியைத் திறந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"களிமண் எங்கே? இங்கே ஏன் மீன் மணக்கிறது?"

எமிலியா நிலக்கீழ் அறையிலிருந்து ஒரு பையைத் தூக்கி வந்தாள்.

இங்கர் கம்பியால் ஒரு துண்டு அறுத்தார். அறுத்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெருவிரலால் அமுக்கினார். சக்கரத்தில் உட்கார்ந்து துண்டை நடுவில் அடித்து வைத்துச் சுழற்றினார். மண் ஒரு சின்னத் தடக்கலும் இல்லாமல் மேலே எழும்பி வந்தது.

"நான் வைத்துவிட்டுப் போனதைவிட இது நல்லாயிருக்கிறதே! யார் பிசைந்தது?"

"மாமாவும் நானும்," என்றாள் எமிலியா. பொய் சொல்ல அவளுக்கு வேகமான டேனிஷ் தெரியாது. அதனால் நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். ஃப்ரூசர், மீன், அரிசி, டியூப் எதையும் விடவில்லை.

இங்கர் சக்கரத்தை நிறுத்திவிட்டார். வாய்க்குள் தனக்குத் தானே முணுமுணுத்துப் பார்த்தார். "ஃப்ரூசர்... லியர்... இன்... ஐயையோ, நான் அப்படித்தான் சொன்னேன்! சொல்லுக்குச் சொல் அப்படித்தான் சொன்னேன்!"

அவர் சிரித்த சிரிப்பில், சக்கரத்தில் எழும்பியிருந்த கிண்ணம் கோணி விழுந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முந்தி ஆட்கள் வேண்டுமென்றே மண்ணைக் குளிர்காலம் முழுக்க வெளியே உறையவிடுவார்களாம். அதற்குப் பிறகு கை கழன்று போகும்வரை பிசைய வேண்டும். எனக்கு அந்தளவு பொறுமை இல்லை. அதனால்தான் உள்ளே வைக்கச் சொன்னேன்."

"அப்ப பழுதாகாதோ?" எமிலியா தன்னை மறந்து தமிழிலேயே கேட்டுவிட்டாள். நேற்று முழுக்க அவள் பட்ட பாடு!

இங்கர் எழுந்து, சக்கரத்தின் இருக்கையைக் காட்டினார். "உட்கார். நேற்றைய சனிக்கிழமையை நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்."

எமிலியா உட்கார்ந்தாள். குளிர்ந்த மண் கைக்குள் சுழலத் தொடங்கியது. அப்போதுதான் கவனித்தாள், மாமா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றார். முகம் கழுவி, தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டிருந்தார். கிட்ட வருவதா, திரும்பி ஓடுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

இங்கரும் அவரைக் கண்டு கையசைத்தார். பிறகு எமிலியாவிடம் மாமாவுக்கும் விளங்கட்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்:

"அடுத்த கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் திரும்பவும் வைலேக்குப் போகிறேன். குளிர் கூடினால் இங்கே போன் பண்ணுவேன். யாரிடம் சொல்லட்டும்? உன்னிடமா, மாமாவிடமா?"

மாமாவுக்கு விளங்கிவிட்டது. அவர் படியிலிருந்து முற்றத்தில் இறங்கினார். காதிரண்டும் சிவந்திருக்க, எமிலியாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எமிலியாவின் கையில் சக்கரம் தானாக மெதுவாகி நின்றது. மாமாவிடம் சொல்லுங்கள் என்றால் களிமண் என்னவாகும்? என்னிடம் சொல்லுங்கள் என்றால் மாமா என்னவாவார்?